நாலடி ஜன்னலுக்கு நாலடி ப்ளைண்ட் பொருந்தாது

வீட்டு வரைபடத்தில் ‘4 அடி’ என்று போட்டிருக்கும் ஜன்னலை டேப் வைத்து அளந்தால் அநேகமாக 4 அடி வராது. செங்கல் கட்டும்போது விட்ட திறப்பு 4 அடி, அதாவது 1219 மி.மீ. அதன்மேல் இரண்டு பக்கமும் சிமெண்டுப் பூச்சு ஏறுகிறது, பக்கத்துக்கு 12 முதல் 15 மி.மீ. அப்புறம் பட்டி, பெயிண்ட். கடைசியில் மிஞ்சுவது 1185, 1190 மி.மீ. ஜன்னலை மறைக்கத் திரைபோல மாட்டும் தயார் ப்ளைண்டுகளோ 3 அடி, 4 அடி, 5 அடி என்று முழு அளவுகளில் வருகின்றன. சுவர்க்குழிக்குள் வைத்துப் பார்த்தால் ஒன்று, ஒன்றரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும்.

அந்த ஒன்றரை அங்குலத்தை வீட்டிலேயே குறைக்கலாம். பெரிய கருவிகள் தேவையில்லை. இருந்தும் நிறையப் பேர் நல்ல ப்ளைண்டைக் கெடுத்துவிடுகிறார்கள், அதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்தவறு அல்ல. ஜன்னலை அளக்கிறார்கள், 1185 வருகிறது, எல்லாவற்றையும் 1185க்கு வெட்டிவிடுகிறார்கள். ஒரு ரோலர் ப்ளைண்டில் நான்கு வேறு வேறு நீளங்கள் இருக்கின்றன. ஒரு பிராக்கெட்டின் வெளிவிளிம்பிலிருந்து அடுத்த பிராக்கெட்டின் வெளிவிளிம்பு வரை ஒன்று. துணி சுற்றும் குழாய் அதைவிடக் குறைவு, ஏனென்றால் ஒரு முனையில் கிளட்ச்சும் (மணிச்செயினை இழுத்தால் குழாயைச் சுழற்றும் பகுதி), மறுமுனையில் முள்ளும் (குழாயைப் பிராக்கெட்டில் தாங்கும் மூடி) இடம் பிடிக்கின்றன. துணி குழாயைவிடச் சில மி.மீ. குறைவு. துணியின் அடியில் கனத்துக்காக இருக்கும் அடிச்சட்டம் துணியைவிடவும் ஓரிரு மி.மீ. குறைவு. இந்த நான்குக்கும் நடுவே உள்ள வித்தியாசங்களைத் தொழிற்சாலை கணக்குப் போட்டே வைத்திருக்கிறது. அவை அப்படியே இருந்தால்தான் ப்ளைண்ட் ஓடும்.

ஆகவே முழு நீளத்தை அளந்து வெட்டாதீர்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதே எண்ணைக் குழாயிலும் துணியிலும் அடிச்சட்டத்திலும் கழியுங்கள். வித்தியாசங்கள் தானாகவே காப்பாற்றப்படும். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வெட்டத்தான் வேண்டுமா?

ரம்பத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்வி. ப்ளைண்டைச் சுவர்க்குழிக்குள் மாட்டினால்தான் அளவு இம்மி பிசகாமல் வேண்டும். ஜன்னலுக்கு மேலே வெளிச்சுவரில் மாட்டினால், பக்கத்துக்கு 3 அங்குலம் அகலமாக இருப்பது நல்லதே. உள்ளே மாட்டும் ரோலரில் துணிக்கும் சுவருக்கும் நடுவே இரு பக்கமும் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விழுந்தே தீரும், கிளட்ச்சும் முள்ளும் உட்கார அந்த இடம் வேண்டும். மேற்குப் பார்த்த படுக்கையறையில் சாயங்கால வெயில் அந்த இடுக்கு வழியாகக் கத்தி மாதிரி உள்ளே வரும். இருட்டு வேண்டுமென்று பிளாக்அவுட் துணி வாங்கியவர்கள் அதை வெட்டிக் குழிக்குள் மாட்டுவது வாங்கிய காரணத்தையே கெடுக்கும். அவர்களுக்கு எங்கள் பரிந்துரை: வெட்டாமல் வெளியே மாட்டுங்கள்.

பக்கத்தில் அலமாரி முட்டுகிறது, ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் நெருங்கி இருக்கிறது, அல்லது குழிக்குள் இருந்தால்தான் அழகு என்று தோன்றுகிறது என்றால் வெட்டலாம். குழியின் ஆழத்தையும் பாருங்கள். ரோலரும் பிராக்கெட்டும் உட்கார 7, 8 செ.மீ. ஆழம் இருந்தால் நிம்மதி. 9 அங்குலச் சுவரில் ஸ்லைடிங் ஜன்னல் வெளிப்பக்கமாகப் பதிந்திருந்தால் இது கிடைத்துவிடும். கிரில்லும் கொசுவலைச் சட்டமும் உள்பக்கமாக இருந்தால் கிடைக்காமல் போகலாம்.

அளப்பது

மில்லிமீட்டரில் அளங்கள். தச்சரும் கொத்தனாரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுவார்கள், ஒரு நூல் ஏறக்குறைய 3.2 மி.மீ. கதவுக்கும் கட்டிலுக்கும் அது போதும். ப்ளைண்டில் முழுச் சலுகையே இரு பக்கமும் சேர்த்து இரண்டு நூல்தான் என்பதால் நூல் கணக்கு இங்கே முரடாகிவிடும்.

குழியின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் எடுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் உங்கள் கொத்தனார் பெரிய கைகாரர். டேப்பை மூலையில் மடக்கி அளக்கும்போது வளைவினால் 2, 3 மி.மீ. ஊகமாகிவிடும். இரண்டு மெல்லிய கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, சுவருக்குச் சுவர் முட்டும்வரை நகர்த்தி, சேருமிடத்தில் பென்சில் கோடு போடுங்கள். வெளியே எடுத்து அதே கோட்டில் சேர்த்துவைத்து அளந்தால் சரியான எண் வரும். டேப் முனையில் இருக்கும் கொக்கி லேசாக ஆடுவது பழுது அல்ல. உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் கொக்கியின் கனத்தை ஈடுகட்ட அப்படி வைத்திருக்கிறார்கள், அதை இறுக்கிவிடாதீர்கள். கொக்கி வளைந்துபோன டேப் என்றால் 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து கடைசியில் அந்த 10 செ.மீ.யை, அதாவது 100 மி.மீ., கழியுங்கள்.

மூன்று அளவில் சின்னதை எடு என்பது பொதுவான சொல். ரோலருக்கு அதை இன்னும் நுணுக்கமாகச் சொல்ல வேண்டும். பிராக்கெட் உட்காருவது மேலே மட்டும், ஆகவே பிராக்கெட் அளவை மேல் அகலம் தீர்மானிக்கிறது. துணி கீழ்வரை இறங்குகிறது, அதற்கு மிகச் சின்ன அகலம்தான் எல்லை. பட்டைகள் அடுக்கிய வெனீஷியன் ப்ளைண்டில் மேலும் கீழும் ஒரே அகலம் என்பதால் அங்கே சின்னதுதான் கணக்கு.

ஓர் உதாரணம். குழி மேலே 1186, நடுவில் 1183, கீழே 1178. பிராக்கெட்டுக்குப் பக்கத்துக்கு 3 மி.மீ. விட்டால் 1180 வேண்டும். வாங்கிய ப்ளைண்டை பிராக்கெட்டுகளோடு மேசையில் கூட்டிவைத்து, உறையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், நீங்களே அளங்கள். சில விற்பனையாளர்கள் துணி அகலத்தைச் சொல்கிறார்கள், சிலர் முனைக்கு முனை சொல்கிறார்கள். அளந்ததில் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 1220, குழாய் 1192, துணி 1188, அடிச்சட்டம் 1186 என்று வைத்துக்கொள்வோம். குறைக்க வேண்டியது 40. வெட்டிய பின் குழாய் 1152, துணி 1148, அடிச்சட்டம் 1146. கீழே 1178 மட்டுமே உள்ள இடத்திலும் 1148 துணிக்கு 30 மி.மீ. தாராளம்.

இன்னொரு சோதனை உண்டு, பலர் விட்டுவிடுவது. இரண்டு பக்கச் சுவரும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் மூன்று அகலமும் சமமாகவே வரும், ஆனால் நேராகத் தொங்கும் துணி கீழே ஒரு பக்கம் உரசும். மேல் மூலையிலிருந்து ஒரு தூக்குக்குண்டை விடுங்கள், அது இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். சுவர் 10 மி.மீ.க்கு மேல் உள்ளே வந்தால் அந்தப் பக்கம் பிராக்கெட்டுக்குக் கூடுதல் இடைவெளி விட்டு, குறைக்கும் எண்ணையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

ரோலர் ப்ளைண்டை வெட்டுவது

தேவையானவை: ஆக்ஸா பிளேடு (அங்குலத்துக்கு 24 அல்லது 32 பல்), ரம்பம் நேராக ஓடுவதற்குக் காடி போட்ட மைட்டர் பாக்ஸ், சின்ன அரம், உப்புத்தாள், 18 மி.மீ. அகல உடைக்கும் பிளேடு கத்தி, நேரான அலுமினியச் சட்டம் ஒன்று, மாஸ்கிங் டேப், மூலைமட்டம். கத்தரிக்கோல் இந்தப் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு கடியிலும் கத்தரி சின்ன அலை விடும், இரண்டு மீட்டர் ஓரத்தில் அந்த அலைகள் வெளிச்சத்துக்கு எதிரே அப்படியே தெரியும்.

வெட்டுவது எப்போதும் முள் பக்கத்தில். செயின் இருக்கும் கிளட்ச் பக்கத்தைத் தொடாதீர்கள். கிளட்ச் குழாய்க்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும், கழற்றி மாட்டினால் பிடிப்புத் தளரலாம். மறுமுனையில் உள்ள முள் வெறும் பிளாஸ்டிக் மூடிதான், தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும். செயின் இல்லாத ஸ்பிரிங் வகையாக இருந்தால் ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள், அந்தப் பக்கத்தில் ரம்பம் வைக்கக் கூடாது. ஸ்பிரிங் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் வெட்டவே வேண்டாம்.

முதலில் துணி. தரையைத் துடைத்து, பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இரண்டு மடிப்பாக விரித்து அதன்மேல் துணியை முழுதும் பிரித்துப் போடுங்கள். வெறும் டைல்ஸ்மேல் வெட்டினால் பிளேடு முனை உடனே மழுங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், மெல்லிய துணி காற்றில் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் கோடு போய்விடும். அடிச்சட்டத்தின் மூடியை நீக்கிச் சட்டத்தை உருவி வையுங்கள்.

அளவு எடுக்கும் திசை முக்கியம். வெட்டப்போகும் ஓரத்திலிருந்து 40 மி.மீ. அளப்பதைவிட, செயின் பக்கத்துத் தொழிற்சாலை ஓரத்திலிருந்து 1148 அளப்பது நல்லது. அந்த ஓரம் குழாய்க்குச் செங்குத்தாக இருக்கும் என்பதை மூலைமட்டம் வைத்து உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் ஒரு புள்ளி வையுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் விழ வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் துணி அங்கே சுருங்கிக் கிடக்கிறது என்று பொருள், தடவி நேராக்கி மறுபடி அளங்கள். கத்திக்கு வழிகாட்டும் அலுமினியச் சட்டம் துணியைவிடக் குட்டை என்றால் நகர்த்தி வைக்கும்போது முன்பு வெட்டிய கோட்டின்மேல் 30 செ.மீ. ஏறி இருக்கட்டும்.

பிளேடில் புது முனை உடைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தை முழங்காலால் அமுக்கி, கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்று லேசான இழுப்பில் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் துணி முன்னால் இழுபடும், கோடு வில்லாக வளையும்.

துணியின் வகையைப் பொறுத்து ஓரம் நடந்துகொள்ளும். பின்புறம் பூச்சுள்ள பிளாக்அவுட் துணி நூல் பிரியாது. வெயிலை வடிகட்டும் வலை போன்ற சன்ஸ்கிரீன் துணியும் சுத்தமாக வெட்டுப்படும். அதில் கண்ணாடி இழை உள்ள வகை என்றால் வெட்டுத் தூள் தோலில் அரிக்கும், கையுறை போட்டுக்கொண்டு கடைசியில் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பூச்சில்லாத பாலியெஸ்டர் நெசவு மட்டும் நூல் விடும். அதன் ஓரத்தில் நிறமற்ற நெயில் பாலிஷை மயிரிழை அளவுக்கு ஓட்டினால் நிற்கும். வெட்டி எறிந்த துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள், சில துணிகளில் கறை படியும். சூடான சால்டரிங் கம்பியால் ஓரத்தை உருக்குகிறவர்களும் உண்டு. அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. உருகிய ஓரம் மணிபோலத் தடிக்கும், சுற்றச் சுற்ற அந்தப் பக்கம் மட்டும் பருத்து, துணி அந்தப் பக்கமாக ஓட ஆரம்பிக்கும்.

அடுத்து குழாய். துணி குழாயில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருக்கும். முழுதும் உரித்துவிடாதீர்கள், மறுபடி நேராக ஒட்டுவது வீட்டில் மிகக் கடினம். முள் பக்கத்திலிருந்து 15 செ.மீ. மட்டும் உரித்து, துணியை மடக்கிக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். சில குழாய்களில் டேப்புக்குப் பதில் காடியும் அதில் செருகிய பிளாஸ்டிக் நாடாவும் இருக்கும், அதிலும் முனையில் தேவையான அளவு மட்டும் உருவி நறுக்கினால் போதும். குழாயின் வெற்று முனையிலிருந்து 40 மி.மீ. குறித்து, மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். டேப்பின் ஓரம் சுற்றிவந்து தன்மேலேயே சரியாக விழுந்தால் கோடு செங்குத்து. விழாவிட்டால் சாய்வு. மைட்டர் பாக்ஸில் வைத்து, ஒரே இடத்தில் அடிவரை அறுக்காமல், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிச் சுற்றிலும் அறுங்கள். மெல்லிய அலுமினியச் சுவர் நசுங்காது.

அறுத்தபின் உள்விளிம்பை அரத்தால் ராவ மறக்கக் கூடாது. உள்ளே பிசிர் நின்றால் முள்மூடி கோணலாக இறங்கும், சுற்றும்போது ‘கிரீச்’ என்று கத்தும். அலுமினியத் தூள் துணியில் பட்டால் தேய்க்கத் தேய்க்கக் கருப்பாகும். அதனால் துணியை மூடி வைத்துவிட்டு, அல்லது குழாயை வேறு இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு அறுங்கள். கடைசியாக அடிச்சட்டத்திலும் அதே 40.

துணி ஒரு பக்கம் ஓடினால்

மாட்டிச் சுற்றும்போது துணி இடமோ வலமோ நகர்ந்து பிராக்கெட்டில் உரசினால், உடனே வெட்டில் குறை தேடாதீர்கள். ரசமட்டத்தைக் குழாயின்மேல் வையுங்கள். பாதிக்கு மேல் குறைகள் பிராக்கெட் ஏற்ற இறக்கத்தால்தான் வருகின்றன, லிண்டலின் (ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் உத்திரம்) அடிப்பூச்சு மட்டமாக இருக்கும் என்று நம்பி இரண்டையும் அப்படியே திருகியிருப்பார்கள். தாழ்ந்த பிராக்கெட்டைச் சரிசெய்தாலே நின்றுவிடும்.

மட்டம் சரியாக இருந்தும் ஓடினால் குழாயில் திருத்தலாம். துணி எப்போதும் பருத்த பக்கத்தை நோக்கி ஓடும், ஏனென்றால் பருத்த முனை ஒரு சுற்றில் அதிகத் துணியை இழுக்கிறது. அதனால் இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கக் குழாயில் டேப் ஒட்ட வேண்டும். ப்ளைண்டை முழுதும் இறக்கி, வெளியே தெரியும் குழாய்மேல் 3 செ.மீ. நீள மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, சுற்றிப் பாருங்கள். போதாவிட்டால் அதன்மேல் இன்னொன்று. மூன்று துண்டுக்கும் அடங்கவில்லை என்றால் உரித்த 15 செ.மீ. பகுதியை மறுபடி ஒட்டும்போது துணி கோணியிருக்கிறது. அதை உரித்துச் சரியாக ஒட்டுங்கள்.

குழாயை 3, 4 மி.மீ. கூடுதலாக வெட்டிவிட்டால் பயப்பட வேண்டாம். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே வாஷர் கொடுத்து உள்ளே தள்ளினால் முள் பிடித்துக்கொள்ளும். துணியைக் கூடுதலாக வெட்டியதற்குத்தான் மருந்து இல்லை. அதனாலேயே துணியில் மட்டும் முதல் வெட்டை 1 மி.மீ. வெளியே வைப்பது நல்ல பழக்கம்.

உயரத்தை வெட்டவே வேண்டியதில்லை. மிச்சத் துணி குழாயிலேயே சுற்றிக் கிடக்கட்டும். 28 மி.மீ. குழாயில், 0.4 மி.மீ. கனத் துணியில், அரை மீட்டர் மிச்சம் இருந்தால் ஐந்து சுற்றுக்குச் சற்று மேல், உருளையின் விட்டம் 4 மி.மீ. மட்டுமே கூடும். முழுதும் இறக்கிய நிலையிலும் குழாயில் இரண்டு சுற்றாவது துணி மிஞ்ச வேண்டும் என்பதால் அந்த மிச்சம் உதவியும் செய்கிறது. டேப் மட்டும் துணியின் எடையைத் தாங்காது, சுற்றின் பிடிப்புதான் தாங்குகிறது. எங்கே நிற்க வேண்டுமோ அங்கே செயினில் தடுப்பு மணியை மாட்டிவிடுங்கள்.

பட்டை வகை: அலுமினியம், பி.வி.சி., மரம்

வெனீஷியனில் விதி தலைகீழ். ரோலரில் ஒரே பக்கம் வெட்டுகிறோம், இங்கே இரண்டு பக்கமும் சமமாக வெட்ட வேண்டும். பட்டைகளைத் தாங்கும் ஏணிக்கயிறுகள் மையத்திலிருந்து சம தூரத்தில் இருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் 30 மி.மீ. எடுத்தால் பார்க்க அசிங்கம், எடையும் ஒரு பக்கம் சாயும். ஆகவே 15, 15.

எல்லையையும் முதலிலேயே பாருங்கள். வெளி ஓரத்து ஏணிக்கயிற்றைத் தாண்டிப் பட்டை 5 செ.மீ.யாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேல்சட்டத்துக்குள் பட்டைகளைத் திருப்பும் பல்சக்கரப் பெட்டியும், குறுக்கே ஓடும் இரும்புத் தண்டும் இருக்கும். பெட்டி முனைக்கு மிக அருகில் இருந்தால் அந்தப் பக்கம் வெட்ட இடமே இருக்காது. தண்டு முனைவரை நீண்டிருந்தால் சட்டத்தை அறுப்பதற்கு முன் அதை உள்ளே தள்ள வேண்டும், அல்லது அதையும் குறைக்க வேண்டும்.

25 மி.மீ. அலுமினியப் பட்டை 0.2 மி.மீ. கனம்தான். நல்ல கத்தரியே வெட்டும், ஆனால் பட்டையின் வளைவை நசுக்கிவிடும், முனை தட்டையாகி அடுத்த பட்டையோடு சேராது. பட்டைகளைக் கட்டாகச் சேர்த்து, மேலும் கீழும் பிளைவுட் துண்டு வைத்து, இரண்டு கிளாம்பால் இறுக்கி, 32 பல் பிளேடால் பிளைவுட்டோடு சேர்த்து அறுப்பதே சுத்தமான வழி. இறுக்கம் குறைந்தால் பட்டைகள் அதிர்ந்து கிழியும். பிறகு ஒவ்வொரு மூலையையும் 220 அல்லது 240 எண் உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். கூர் மூலை துடைக்கும்போது கையைக் கிழிக்கும், நாளடைவில் கயிற்றையும் அறுக்கும்.

50 மி.மீ. பி.வி.சி. பட்டை 3 மி.மீ. வரை கனமிருக்கும். பத்துப் பத்தாக அறுங்கள். வேகமாக அறுத்தால் சூட்டில் உருகிப் பிளேடில் ஒட்டும், நிதானமாக இழுங்கள். மரப்பட்டைக்குக் கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் சுற்றினால் ஓரச் சிலும்பு குறையும். அறுத்த முனைக்கு அன்றைக்கே வார்னிஷ் அடியுங்கள். மரம் ஈரத்தை அதிகமாக உறிஞ்சுவது அறுபட்ட முனை வழியாகத்தான், சென்னை போன்ற கடலோர ஊரில் ஒரு மழைக்காலத்திலேயே முனை உப்பிப் பெயிண்ட் வெடிக்கும்.

உயரம் குறைப்பது இதில் எளிது. அடிச்சட்டத்தின் அடியில் உள்ள சின்ன மூடிகளை நெம்பி எடுத்து, இழுகயிற்றின் முடிச்சை அவிழ்த்து, வேண்டாத பட்டைகளை உருவி, அடிச்சட்டத்தை மேலே ஏற்றி மறுபடி முடியுங்கள். எத்தனை பட்டை என்பதற்கு ஏணிக்கயிற்றின் படி இடைவெளியை அளங்கள். 25 மி.மீ. பட்டைக்கு அது சுமார் 2 செ.மீ., அப்படியானால் 30 செ.மீ. குறைக்க 14, 15 பட்டைகள். எடுத்த பட்டைகளில் இரண்டைப் பத்திரமாக வையுங்கள், என்றாவது ஒன்று மடங்கும்.

மூங்கில் தட்டி

பால்கனிக்கும் முற்றத்துக்கும் வாங்கும் மூங்கில் தட்டியில் குச்சிகளைக் குறுக்கே பிடித்திருப்பது நூல் வரிசைகள். வெட்டுக்கோடு எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாம். கோடு ஒரு நூல் வரிசைமேலேயே விழுந்தால் அந்த வரிசை சில நாளில் பிரிந்து, ஓரத்துக் குச்சிகள் விசிறியாக விரியும். வரிசைக்கு வெளியே 3 செ.மீ.யாவது குச்சி மிஞ்ச வேண்டும். அளவு ஒத்துவரவில்லை என்றால் இரு பக்கமும் பங்கைச் சற்று மாற்றுங்கள், அல்லது கோட்டுக்கு உள்ளே புதிதாக ஒரு நைலான் நூல் வரிசை பின்னிக்கொண்டு வெட்டுங்கள்.

தட்டியை இறுக்கமாக, ஓரம் சமமாக வரும்படி சுருட்டிக் கட்டுங்கள். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை மூன்று சுற்று இழுத்துச் சுற்றி, நைஸ் பல் ரம்பத்தால் சுருளை உருட்டியபடி அறுக்க வேண்டும். டேப் இல்லாமல் அறுத்தால் மூங்கில் நாராகக் கிழியும், அந்த நார் விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். பிரித்தபின் ஓர நூல் வரிசைமேல் தண்ணீர் தாங்கும் பசையை மெல்லிய கோடாக ஓட்டிக் காயவிடுங்கள். ஓரத்தில் துணிப்பட்டை தைத்த தட்டி என்றால் அந்தப் பட்டையைப் பிரித்து, வெட்டி, அதையே திரும்பத் தைக்கலாம்.

அறுத்த முனைகளுக்கு இங்கும் வார்னிஷ், இங்கே காரணம் வேறு. மூங்கிலில் மாவுச்சத்து அதிகம், அதைத் தேடி உளுக்கும் வண்டு வரும். தட்டியின் அடியில் வெளிர்மஞ்சள் மாவு கொட்டிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சில்லாத புது முனை அந்த வண்டுக்குத் திறந்த வாசல்.

உயரம் குறைக்க, வேண்டிய இடத்துக்குக் கீழே 10 செ.மீ. வரை குச்சிகளை உருவி நூலைத் தனியாக விடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இரு நூலையும் இரட்டை முடிச்சிட்டுப் பசை தொட்டு, அதன் பிறகே மிச்சத்தை நறுக்குங்கள். முதலில் நறுக்கிவிட்டு முடிச்சுப் போட நினைத்தால் பிடிக்க நூல் இருக்காது.

அடர்ந்த பட்டையும் வலைப் பட்டையும் மாறி மாறி வரும் ஸீப்ரா ப்ளைண்டை வீட்டில் வெட்ட நாங்கள் சொல்லமாட்டோம். துணி இரண்டு அடுக்காக வளையமாய் ஓடுகிறது, இரண்டும் ஒரே கோட்டில் வெட்டுப்பட வேண்டும். மெல்லிய வலைப் பட்டைகள் நூல் விடும். ஓர் அடுக்கு 3 மி.மீ. சாய்ந்தாலும் மூடும்போது கோடுகள் பொருந்தாமல் ஒரு முனையில் வெளிச்சம் கசியும். மேல்பெட்டியையும் சேர்த்து அறுக்க வேண்டும். அளவு சொல்லித் தைப்பதே இதற்குச் சரி. செங்குத்துப் பட்டை வகை இதற்கு நேர் எதிர். அகலம் அதிகமென்றால் மேல்சட்டத்தைக் குறைத்து ஒன்றிரண்டு பட்டையைக் கழற்றினால் போயிற்று. உயரத்துக்கு, பட்டையின் அடியில் உள்ள எடைத்தகட்டை உருவி, வெட்டி, தகடு நுழையும் அளவுக்கு மடித்துத் தைக்க வேண்டும்.

மாட்டும்போது

லிண்டல் கான்கிரீட். சாதாரண டிரில் வழுக்கும், ஹேமர் டிரில்லும் 6 மி.மீ. பிட்டும் வேண்டும். கம்பியில் முட்டினால் அழுத்திப் போராடாமல் 2 செ.மீ. தள்ளி வேறு ஓட்டை போடுங்கள், பிராக்கெட்டில் நீள்வட்டத் துளை இருப்பது அதற்கும் சேர்த்துத்தான். துளையிட்ட தூளை ஊதி எடுத்தபின் பிளக் அடியுங்கள், தூள் உள்ளே இருந்தால் பிளக் பாதியில் நிற்கும். ஜன்னல் கைப்பிடியில் துணி இடித்தால், துணி குழாயின் முன்புறமாக இறங்கும்படி ப்ளைண்டைத் திருப்பி மாட்டலாம். 3, 4 செ.மீ. இடம் கிடைக்கும். துணியின் பின்பக்கம் அறைக்குள் தெரியும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை செயின். குழந்தைகளின் கழுத்தில் மாட்டி உயிரைப் பறிக்கக்கூடியது இந்த வளையம். 2014இல் திருத்தப்பட்ட ஈ.என். 13120 என்ற ஐரோப்பியத் தரம் இதற்காகவே செயினின் நீளத்துக்கு வரம்பு வைக்கிறது. தொங்கும் முனை தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது என்று அங்கே மாட்டுகிறார்கள். நம் வீடுகளில் லிண்டல் பெரும்பாலும் 7 அடியில் இருக்கிறது, அதிலிருந்து கணக்கிட்டால் செயின் 60 செ.மீ.க்குள் தொங்க வேண்டும். தயாராக வரும் செயின் அதைவிட நீளமாக இருக்கும். ப்ளைண்ட் முழுதும் இறங்க எவ்வளவு செயின் ஓடுகிறது என்று ஒரு மணியில் நூலைக் கட்டிப் பாருங்கள். வளையத்தின் மொத்தச் சுற்றளவு அதைவிடக் குறையாதபடி மிச்ச மணிகளை நறுக்கி, இணைப்புக் கொக்கியை மறுபடி மாட்டுங்கள். கொக்கி கிளட்ச்சுக்குள் நுழையாது, ப்ளைண்ட் பாதி இறங்கிய நிலையில் கொக்கி அடியில் இருக்கும்படி வையுங்கள். பிறகு வளையம் விறைப்பாக நிற்கும்படி, ப்ளைண்டோடு வரும் செயின் பிடிப்பானைச் சுவரில் திருகுங்கள். தனிப் பொட்டலத்தில் வரும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பல வீடுகளில் பிரிக்காமலே தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். கட்டிலோ சோபாவோ ஜன்னலுக்கு அடியில் இருந்தால் அதன் மேல்தட்டிலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள், குழந்தை ஏறி நிற்பது அங்கேதான்.